அப்பா தியாகி இல்லை

அப்பா 2024 புரட்டாதியில், தன் 92 ஆவது வயதில், கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் காலமானார். அந்தியேட்டிக்கு வந்து பேசியவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் பேசினார்கள். வெளிநாட்டு வேலைகளை உதறித் தள்ளியவர், பதவி உயர்வை வேண்டாம் என்றவர், வன்னி மண்ணுக்காக வாழ்க்கையைக் கரைத்தவர், தியாகச் செம்மல் என்று ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடங்கினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அம்மா உயிரோடு இருந்திருந்தால் அந்த இடத்தில் எழும்பி அடுப்படிக்குப் போயிருப்பார்.

அந்த நேரத்தில் எழுந்து மறுத்துப் பேசுவது முறையில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அப்பா எதையும் தியாகம் செய்யவில்லை. அவருக்கு நெல் பிடிக்கும். பரந்தன் பிடிக்கும். பனி இறங்க முன்னம் வரம்பில் நடப்பது பிடிக்கும். பிடித்ததை எல்லாம் அறுபது வருடத்துக்கு மேல் விடாமல் செய்தார். அதற்கான செலவை அம்மாவும் நாங்கள் நான்கு பிள்ளைகளும் சேர்ந்து கட்டினோம். அந்தக் கடன் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு, வாய் திறந்து ஒன்றும் சொல்லாமல், நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் திருப்பிக் கட்டினாரே, அந்த மனிதரைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிறந்தது 1932 இல், முள்ளியவளைப் பக்கம். தகப்பன் கமக்காரர். அந்தக் காலத்து வன்னி, காடும் குளமும் மலேரியாவும் சேர்ந்த இடம். அப்பாவுக்கு முன்பிறந்த ஒருவரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. பிறகு யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படிப்பு, பேராதனையில் விவசாயப் பட்டம், விவசாயத் திணைக்களத்தில் உத்தியோகம். முதலில் போட்டது குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடவில். நாட்டின் நெல் ஆராய்ச்சிக்குத் தலைமையிடம் அதுதான். அவர் போய்ச் சேர்ந்தபோது எச் 4 வெளிவரும் காலம். நம் நாட்டு முருங்கக்காயனையும் இந்தோனேசியாவின் மாஸ் என்ற நெல்லையும் கலந்து எடுத்த இனம் அது. 1958 இல் வெளியிட்டார்கள். எரிபந்த நோயைத் தாங்கும், விளைச்சலும் கூட. நாடு முழுக்கப் பரவியது. அப்பா அங்கே எடுபிடி வேலை செய்த இளம் உத்தியோகத்தர்தான். ஆனால் பத்து வருடப் பொறுமை ஒரு சாக்கு விதைநெல்லாக வெளியே போவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டார். அதோடு அவர் கதை முடிந்தது என்று அம்மா சொல்லுவார்.

1960 களின் தொடக்கத்தில் பரந்தனில் இருந்த நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு மாற்றம் கேட்டு வந்தார். அப்போது பரந்தன் என்றால் இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு என்றால் உப்பளம், கிளிநொச்சி என்றால் இரணைமடு. 1902 இல் வேலை தொடங்கி, 1920 களின் தொடக்கத்தில் முடித்த குளம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் குடியேற்றத் திட்டங்கள் வந்தன, சனம் வந்தது. அப்பாவும் கலியாணம் முடித்து அம்மாவோடு வந்தார். அம்மா ரீச்சர்.

இங்கே ஒரு சின்னச் சண்டையைச் சொல்லியாக வேண்டும். கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்கிற நேரம் சொந்தக்காரர் ஒருவர், பெயருக்கு முன்னால் ‘கலாநிதி’ என்று போடுவோம் என்று நின்றார். அப்பா கலாநிதிப் பட்டம் எடுத்தவர் இல்லை. முதுமாணிக்குக்கூடப் பதிந்துவிட்டு இடையில் விட்டவர். ஊரில் கமக்காரர்கள் அவரை ‘டொக்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள், அது வேறு கதை. சட்டைப்பைக்குள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார், நோய் பிடித்த பயிரைக் கொண்டுவந்து காட்டினால் இலையைப் பிரட்டிப் பார்த்து, “எப்ப தொடங்கினது? பக்கத்து வயலுக்கும் இருக்கோ? தண்ணி எத்தினை நாளாக் கட்டி நிக்குது?” என்று கேட்பார். இந்தக் கேள்விகளுக்காகக் கொடுத்த பட்டம். அதைப் பல்கலைக்கழகம் கொடுத்ததாக மாற்ற நான் விடவில்லை. சொந்தக்காரருக்குக் கோபம். அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விட்டார். போகட்டும்.

நெல்லைக் கலப்பது எப்படி என்று எங்கள் வீட்டில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். வெளியில் பலருக்குத் தெரியாது, ஆகவே சொல்லுகிறேன். நெற்பூ மிகவும் ஒதுங்கிய சுபாவம் உள்ளது. காலையில் ஒன்பது, பத்து மணிபோல உமி மெல்லத் திறக்கும். ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். திறக்கும்போதே தன்னுடைய மகரந்தம் தன்மேல் விழுந்து காரியம் முடிந்துவிடும். பிறகு மூடிவிடும். வேறொரு நெல்லின் மகரந்தத்தை உள்ளே விட வேண்டுமானால், பூ திறப்பதற்கு முந்திய நாளே நாம் உள்ளே போக வேண்டும். பாதி வெளியே வந்த கதிரை எடுத்து, சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு பூவின் உமியிலும் மேல் மூன்றிலொரு பங்கைச் சரிவாக வெட்டுவார்கள். உள்ளே ஆறு மகரந்தக்கூடுகள் இருக்கும். வெளிர் பச்சை மஞ்சள். சாவணத்தை விட்டு ஆறையும் ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் இறகு போன்ற சூலகமுடியில் சாவணம் பட்டால் பூ போச்சு. மகரந்தக்கூடு ஒன்று உடைந்தாலும் போச்சு. எல்லாம் எடுத்த பிறகு கதிரை எண்ணெய்த்தாள் பையால் மூடி, அடியில் அட்டையொன்றை நூலால் கட்டி, இலக்கமும் திகதியும் எழுதுவது. அடுத்த நாள் பத்து மணிக்கு ஆண் கதிரைக் கொண்டுவந்து, பையைத் திறந்து, மேலே தட்டுவது. வெளியே வந்த மகரந்தம் சில நிமிடங்கள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் விழ வேண்டும்.

மாரிமழையோடு விதைக்கிற காலபோக நெல் பூக்கிற நேரமும் மார்கழிப் பள்ளி விடுமுறையும் ஒன்றாக வரும். அம்மா வயலுக்கு வருவார். அப்பாவின் விரல்களுக்கு வியர்வை பிடிக்கும். அம்மாவின் விரல் காய்ந்த விரல், நடுங்காது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குட்டிக் கதிரையில் இருந்து, மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கி விட்டுக்கொண்டு ஆறு ஆறாக எடுத்துப்போடுவார். நாங்கள் தாள்பை பிடிப்போம். அப்பா பின்னால் நின்றுகொண்டு, “இஞ்சரும், அது தொடாதையும், அது ஏற்கெனவே திறந்திட்டுது” என்பார். அம்மா திரும்பாமல், “உங்களுக்குத் தெரியும் எண்டால் நீங்களே இருங்கோ” என்பார். வெட்டிய பூவில் பிடிக்கும் நெல்மணிக்கு மேல் உமி இருக்காது. அரிசி நுனி வெளியே தெரியும். அந்த அரைகுறை மணிகளைக் கண்டுதான் அவர் முகம் மலரும்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்றால், பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. முதல் தலைமுறை எல்லாம் ஒரே மாதிரி நிற்கும். இரண்டாம் தலைமுறையில்தான் நெட்டையும் குட்டையுமாகப் பிரியும். ஆயிரக்கணக்கில் நட்டு, நடந்து பார்த்து, வேண்டாததைப் பிடுங்கி எறிந்து, மிஞ்சியதை மீண்டும் நட்டு, எட்டு பத்து வருடம். அதன் முடிவிலும் பெரும்பாலானவை வெளியே போகாது. வெளியே போகிறவற்றுக்கும் ஆட்களின் பெயர் கிடையாது. பிஜி என்றால் பத்தலகொட, ஏடி என்றால் அம்பலாந்தோட்டை, பிடபிள்யூ என்றால் பொம்புவல. பின்னால் வரும் இலக்கத்தில் வயது இருக்கும்: 300 என்றால் மூன்று மாதம், 350 இல் தொடங்கினால் மூன்றரை, 400 என்றால் நான்கு. அப்பா கலந்த எதுவும் அப்படியொரு இலக்கத்தோடு வெளியே வரவில்லை. இங்கிருந்து போன வரிகளும், அதாவது கலந்து தெரிந்தெடுத்த நெல்வழிகளும், குறிப்புகளும் யாராரோ கையில் எங்கெங்கோ சேர்ந்திருக்கலாம். அவருக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாக நான் கண்டதில்லை. எனக்கு இருக்கிறது.

எழுபதுகளில் இறக்குமதிக்குத் தடை வந்தபோது வன்னியில் மிளகாயும் வெங்காயமும் பொன்னாய் விளைந்தன. விசுவமடு இளைஞர் திட்டத்தில் மண்வெட்டியோடு வந்த பொடியன்கள் சில போகத்தில் ட்ரக்டர் வாங்கினார்கள், கல்வீடு கட்டினார்கள். 1977 இல் இறக்குமதியைத் திறந்துவிட்டதும் விலை விழுந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்த ஏழு வருடமும் எங்கள் வீட்டுக்கு முன்னால் மிளகாய்ச் சாக்கு போய்க்கொண்டிருந்தது. அப்பாவின் சம்பளமும் அம்மாவின் சம்பளமும் சேர்ந்தாலும் முன்வீட்டு மிளகாய்க் காசுக்குக் கிட்டப் போகாது.

அதே காலத்தில்தான் படித்தவர்கள் நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் போனார்கள். ஆசிரியர்கள், பொறியியலாளர்கள், கணக்காளர்கள். அம்மாவோடு படிப்பித்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள் என்று சொல்லுவார், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார். அப்பாவுக்கும் ஓர் அழைப்பு வந்தது. மூன்று பெண்பிள்ளைகள், ஒரு பொடியன். அம்மா கணக்குப் போட்டு வைத்திருந்தார்: மூன்று வருடம் போனால் வீடு, ஐந்து வருடம் போனால் சீதனம். அப்பா, “அங்க நெல்லு இல்லையப்பா, போய் என்ன செய்யிறது” என்றார். அம்மா அதை நம்பினார். இரண்டு வருடம் கழித்து லீவில் வந்த ஒரு ரீச்சர், பேச்சுவாக்கில், இபாடானில் பெரிய சர்வதேச விவசாய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே நெல்லும் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அந்த நிறுவனம் 1967 இலேயே தொடங்கியது. அப்பாவுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அவர்களுடைய வெளியீடுகள் மேசையில்தான் கிடந்தன.

அம்மா மூன்று நாள் கதைக்கவில்லை. சமைத்தார், பரிமாறினார், கதைக்கவில்லை. நாலாம் நாள் அப்பா அடுப்படி வாசலில் நின்று, “எனக்கு உந்த வயலை விட்டிட்டுப் போக மனமில்லை” என்றார். அவ்வளவுதான். தியாகம் செய்கிறவர் அப்படியா பேசுவார்? நாட்டுக்காக என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா மன்னித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். மனமில்லை என்றதும் அம்மா, “சரி, அப்ப விடிய எழும்பிப் பிள்ளையளின்ர தலையை நீங்கள் இழுங்கோ. எனக்கு ஆறரை பஸ்ஸுக்குப் போகவேணும்” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் மூன்று பேரின் தலையும் அப்பாவின் பொறுப்பு. இரட்டைப் பின்னல், மடித்துக் கட்டிச் சிவப்பு ரிபன். முதல் கிழமை அழுதோம். பிறகு அம்மாவைவிட இறுக்கமாகவும் ஒழுங்காகவும் பின்னினார். சீப்பு வாலால் நடு உச்சி பிரித்து, ஒரு கண்ணை மூடி நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். ரிபன் தொலைந்தால் கதிருக்கு இலக்கம் கட்டுகிற வெள்ளை நூல் இருக்கும். ஒருநாள் தங்கச்சியின் பின்னலில் நூலோடு அட்டையும் சேர்ந்து போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் வகுப்பு ரீச்சர் அதைப் பிடித்து வாசித்தாராம்: தாய், தகப்பன், திகதி, பாத்தி இலக்கம். தங்கச்சிக்கு அந்த வருடம் முழுக்கப் பட்டப்பெயர் ‘பாத்தி’.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சைக்கிளில் வீட்டுக்கு வருவார், எந்த வெயிலானாலும். கண்டிக்குப் பதவி உயர்வோடு போகச் சொன்னபோதும் போகவில்லை. அதற்கு அம்மாவே சம்மதிக்கவில்லை, தன் பள்ளிக்கூடத்தை விட்டு வர மாட்டேன் என்றார். பேசியவர்கள் இதையும் அப்பாவின் தியாகக் கணக்கில்தான் சேர்த்தார்கள்.

அவருடைய வேலையில் எனக்கு அதிகம் நினைவிருப்பது பூநகரி. மழையை மட்டும் நம்பிய வயல்கள், பக்கத்தில் கடனீரேரி, மண்ணில் உவர். அங்கே மொட்டைக்கறுப்பன்தான் ராசா. நெட்டை நெல், சிவப்பு அரிசி. புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். புதிய குட்டை இனங்களைக் கொண்டுபோனால் இலைநுனி வெள்ளையாகக் கருகிவிடும். நெல், நாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும்தான் உப்புக்கு அதிகம் பயப்படும். நடுவில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மழை பிந்தினால் இரண்டு இடத்திலும் அடி. அளக்கும் கருவி நிலையத்தில் இருந்தது, பல நேரம் பழுது. அப்பா வாய்க்கால் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். எங்களையும் பார்க்கச் சொல்லுவார். பிறகு கருவி திருந்தி வந்ததும் இரண்டையும் ஒப்பிட்டு, தன் நாக்கு எவ்வளவு தூரம் சரி என்று குறித்து வைப்பார். கேரளத்துப் போக்காளி என்ற உவர்நெல்லைத் தாயாகவோ தகப்பனாகவோ வைத்து உப்பைத் தாங்கும் இனம் எடுக்கலாம் என்று அந்தத் துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அம்பலாந்தோட்டையில் அப்படித்தான் ஏடி 354 ஐ எடுத்தார்கள். 1992 இல் வெளியிட்டார்கள். அப்பாவும் அதே எண்ணத்தில் பரந்தனில் சில வரிகள் வைத்திருந்தார்.

1990 ஆனியில் சண்டை தொடங்கியதோடு அந்த வரிகள் போயின. நிலையத்துப் பக்கம் போக முடியாமல் ஆயிற்று. மிஞ்சியதைச் சோடாப் போத்தல்களில் சாம்பலும் வேப்பிலையும் போட்டு, மெழுகால் வாயை அடைத்து வீட்டில் வைத்திருந்தார். அப்பா பென்சன் எடுத்த காலமும் பொருளாதாரத் தடைக் காலமும் ஒன்று. யூரியா வெடிமருந்துக்கு ஆகும் என்று வன்னிக்குள் விடமாட்டார்கள். மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். அப்பா கமக்காரர்களோடு சேர்ந்து கிளிசரியாவும் பூவரசமிலையும் வெட்டிப் போட்டு உழச் சொல்லி, சணல் விதைத்து மடக்கி, எந்த வயலில் என்ன விளைந்தது என்று எழுதினார். சம்பளம் தருகிற திணைக்களம் இல்லை, அறிக்கை கேட்கிற மேலதிகாரி இல்லை. இதைச் செய்யாதே என்றாலும் செய்திருப்பார்.

1996 இல் கிளிநொச்சியிலிருந்து கந்தபுரத்துக்கு ஓடினோம். போத்தல்கள் வந்தன. 2009 பற்றி நான் எழுதப்போவதில்லை. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, அதற்கு அப்பால் என்று எல்லோரும் போன வழியில்தான் நாங்களும் போனோம். அப்பாவுக்கு வயது 76. போத்தல்கள் வரவில்லை. கொப்பிகளும் வரவில்லை.

கொப்பி என்றால் மழைக் கொப்பி. பரந்தனுக்கு வந்த நாள்முதல் ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுதியவை. நிலையத்தில் அதற்கு ஆள் இருந்தது. இவர் வீட்டில் தனியாக வைத்திருந்தார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, அந்த வரியில் மழைக்குப் பக்கத்தில் வீடு. பழைய கொப்பிகள் சில வவுனியாவில் சித்தி வீட்டில் தப்பியிருந்தன. அதனால் இப்போது வாசிக்க முடிகிறது. “12.4 மி.மீ. மூத்தவளுக்குக் காய்ச்சல் 102. கதிர் 6 இல் மணி பிடித்திருக்கிறது.” “மழை இல்லை. சோமு மாடு கன்று போட்டது. இவ இன்றும் கதைக்கவில்லை.” அது எந்த மூன்று நாள் என்று எங்களுக்குத் தெரியும். தம்பி பிறந்த நாளில் 61 மி.மீ.; அதைவிட வேறொன்றும் எழுதவில்லை, ஆனால் அந்த இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார். ஆண்பிள்ளைக்கு மட்டும் வட்டமா என்று மூன்று பேரும் பாய்ந்து எங்கள் நாட்களைத் தேடினோம். தங்கச்சிக்கும் வட்டம் இருந்தது. என்னுடைய கொப்பி விசுவமடுவில் போய்விட்டது.

செட்டிகுளத்து முகாமுக்குள் வந்து தறப்பாளுக்குக் கீழே இடம் கிடைத்த சில நாளில், பால்மாப் பேணி ஒன்றும் அடிமட்டம் ஒன்றும் தேடினார். நேரான சுவர் உள்ள பேணி என்றால் மழைமானி தேவையில்லை. உள்ளே நிற்கும் தண்ணீரின் ஆழம்தான் மழை. அடிமட்டத்தை விட்டால் மில்லிமீற்றர் நேரே வாசிக்கலாம். தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, ஆளுக்கு ஆள் காணாமல் போனவர்களின் பெயர்ப்பட்டியலோடு அலைகிற இடம். அங்கே ஒரு கிழவர் பேணிக்குக் காவல் இருந்தார். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது, இப்போதும் அதில் பெரிய தத்துவம் ஒன்றையும் நான் காணவில்லை. அம்மா ஒருநாள் அந்தப் பேணியை எடுத்து அரிசி அளந்துவிட்டார். அன்றைக்கு மழை இல்லை, நல்லகாலம்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அதே பேணி. 2018 மார்கழியில் ஓர் இரவில் கொட்டிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் போனபோது, இரணைமடுவின் கதவுகள் எல்லாம் திறந்தபோது, விடிய அப்பா முழங்கால் தண்ணீருக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து அன்றைய வரியில் எழுதியது: “பேணி கொள்ளவில்லை.” அளவு எழுத முடியாமல் போனதில் அவருக்கு வந்த கோபம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததற்கு வரவில்லை.

2021 ஐ மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சித்திரை முடிவில் இரசாயன உரம் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. கார்த்திகையில் தடையை விலக்கினார்கள், அதற்குள் காலபோகம் விதைத்தாகிவிட்டது. அப்பாவுக்கு 89. கமக்காரர்கள் தேடி வந்தார்கள். “ஐயா, தொண்ணூறுகளில நாங்கள் உரமில்லாமல் செய்தனாங்கள்தானே, இப்பவும் செய்யலாந்தானே?” அப்பா கலண்டர்த் தாளைத் திருப்பிக் கணக்குப் போட்டார். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஓர் அந்தர், அதாவது ஐம்பது கிலோ, மூட்டையில் ஏறக்குறைய 23 கிலோ. பச்சை மாட்டெருவில் நூற்றுக்கு அரைப் பங்கு. அப்படியானால் அந்த 23 கிலோவுக்கு 4,600 கிலோ எரு வேண்டும். பிஜி நெல் ஏக்கருக்கு இரண்டு அந்தர் கேட்கும். ஒன்பது தொன் எரு. “எத்தினை ஏக்கர் செய்யிறியள்? எத்தினை மாடு வச்சிருக்கிறியள்?” வந்தவர்கள் பேசாமல் இருந்தார்கள்.

தொண்ணூறுகளிலும் விளைச்சல் குறைந்ததுதான், அதை மறந்துவிட்டோம் என்றார். பிறகு சொன்னதை அவர் வேறு யாருக்கும் சொன்னதாகத் தெரியவில்லை, அதனால் இங்கே இருக்கட்டும். “மொட்டைக்கறுப்பனுக்கு ஒண்டும் போடாட்டிலும் தன்ர பாட்டில ஏதோ தரும். இதுகள் போட்டால் தாற மாதிரி எடுத்த நெல்லு. அதுகளுக்குப் பசியைப் பழக்கினதே நாங்கள்தானே. ஒரு போகத்தில நிப்பாட்டு எண்டால் அதுகள் என்ன செய்யும்?” சேதன விவசாயம் கூடாது என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. மண்ணைத் திருப்பி எடுக்கப் பத்து வருடம் வேண்டும், அதைப் பத்து வருடத்தில் செய்யுங்கள் என்பதுதான் அவர் கட்சி. பத்து வருடத்துக்குக் குறைந்த எந்தத் திட்டத்தையும் அவர் நம்பியதில்லை, அரசியல்வாதிகளுக்கு அது ஒத்துவராது.

அம்மாவுக்கு 2014 இல் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. இரண்டு வருடம் படுக்கை. வீட்டில் நாங்கள் மாறி மாறி நின்றோம், உதவிக்கு ஆளும் வைத்தோம். ஆனால் காலைக் கஞ்சி அப்பாதான். பூநகரி அரிசியைக் குறுணலாக்கி, உள்ளியும் வெந்தயமும் போட்டு, தேங்காய்ப்பால் கடைசியில் விட்டு. கரண்டியால் ஊட்டுவதற்கு முன் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பார். தலையும் அவர்தான் இழுப்பார். நரைத்து மெலிந்த முடி, ஒற்றைப் பின்னல். அம்மாவுக்குப் பேச்சு தடுமாறினாலும் இடக்கையால் உச்சியைத் தொட்டுப் பார்த்து, கோணல் என்றால் அவிழ்க்கச் சொல்லிச் சைகை காட்டுவார். அப்பா அவிழ்ப்பார். திரும்பவும் பிரிப்பார். சிலநாள் கோணல் இல்லாமலே அவிழ்க்கச் சொல்லுகிறார் என்று எனக்குச் சந்தேகம். நைஜீரியாவின் பாக்கி.

அப்பாவின் அந்தியேட்டி முடிந்து சில கிழமைக்குப் பிறகு அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து விவசாயம் படிக்கிற மாணவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அப்பாவின் மழைக் கொப்பிகளை ஸ்கேன் செய்து தரவாக ஏற்ற வேண்டும் என்றார்கள். தம்பி ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் நின்றுகொண்டு, எந்தப் பக்கத்தையும் கசக்க வேண்டாம் என்று அரை மணித்தியாலம் அறிவுரை சொன்னான். பொடியன் ஒருவன் கெட்டிக்காரன். 2016 ஆடி மாதப் பக்கத்தில் நிறுத்தி, “அக்கா, இந்தப் பத்துப் பதினைஞ்சு நாளும் கையெழுத்து வேற மாதிரிக் கிடக்கு. ஐயா பார்த்ததோ, இல்லாட்டி ஆரும் பிறகு நிரப்பினதோ? நிரப்பினது எண்டால் நாங்கள் அதை எடுக்க ஏலாது” என்றான்.

அது அம்மாவின் செத்த வீடு நடந்த நாட்கள். அப்பா பேணிப் பக்கம் போகவில்லை. தங்கச்சியைக் கூப்பிட்டு, நீ போய்ப் பார் என்று சொல்லியிருந்தார். தங்கச்சி குசினிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தாள், முகம் சிவந்துபோய் இருந்தது.

“தம்பி, ஆரும் நிரப்பேல்லை. வீடு நிறையச் சனம் இருக்க, குடையும் பிடிச்சுக்கொண்டு நான்தான் போய்ப் பார்த்தனான். எட்டரைக்குத்தான் பார்த்தனான். எழுதும், எடுக்கலாம்.”